இடம் வேறு, பங்கு வேறு: சட்டக் கல்லூரியில் பன்முகத்தன்மை – ஓர் அறிமுகம்

தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி தொடங்கியது 2017-ல். அதற்கு முன்னால் பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ அரசுக் கல்லூரியில் சட்டம் படிக்க நினைத்த பிள்ளை, வெளி மாவட்டத்தில் தங்கித்தான் படிக்க வேண்டியிருந்தது. கல்லூரி பக்கத்தில் வந்ததும் வகுப்பறையின் முகம் மாறும். இந்தப் பகுதியில் ஒரு முதலாண்டு வகுப்பைக் கற்பனை செய்து பாருங்கள். சித்தேரி மலையிலிருந்து வந்த, வீட்டிலேயே முதல் பட்டதாரியாகப் போகிற மாணவி ஒருத்தி. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள். கிருஷ்ணகிரியிலிருந்து உருது பேசும் குடும்பத்துப் பெண். பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போய்வரும் அப்பாவின் மகன். மூன்று தலைமுறையாக வக்கீல் தொழில் செய்யும் குடும்பத்து வாரிசு. எல்லோரும் ஒரே பெஞ்சில்.

இதுதான் பன்முகத்தன்மை. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கு. அடுத்த கேள்வி வேறு: உள்ளே வந்தவர்களில் யார் பேசுகிறார்கள், யார் மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் போகிறார்கள், யார் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிடுகிறார்கள்? அரசு ஆவணங்களில் இதற்கு 'உள்ளடக்கம்' (இன்க்ளூஷன்) என்று எழுதுவார்கள். அந்தச் சொல் நமக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 'அடக்கம்' என்பது அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நம் பேச்சில் இதற்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது: பங்கு. இட ஒதுக்கீடு இடம் கொடுக்கிறது. பங்கு கிடைக்கிறதா என்பது கல்லூரி அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டுரை அந்த அன்றாடத்தைப் பற்றியது.

சமமாக நடத்துவது என்றால் என்ன

சட்டம் படிக்க வருகிறவர் முதலில் சந்திக்கும் பாடங்களில் ஒன்று அரசமைப்பின் 14-வது உறுப்பு: சட்டத்தின் முன் அனைவரும் சமம். இதை 'எல்லோருக்கும் ஒரே மாதிரி' என்று புரிந்துகொள்வது வடிவச் சமத்துவம். நிலைமையைப் பார்த்து, பின்தங்கியிருப்பவருக்குக் கூடுதல் ஏணி கொடுப்பது உண்மையான சமத்துவம். இந்த இரண்டுக்கும் நடந்த முதல் பெரிய மோதல் அன்றைய சென்னை மாநிலத்தில்தான் நடந்தது. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பகிர்ந்த அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் செல்லாது என்றது. இங்கே கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் 69 சதவீதத்தின் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது: பிற்படுத்தப்பட்டோருக்கு 30 (அதில் இஸ்லாமியருக்கு 3.5), மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. இதோடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வி இளநிலைப் படிப்புகளில் 7.5 சதவீதம் தரும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சட்டப் படிப்புக்கும் பொருந்தும்.

இந்த வரலாறு தெரியாத வகுப்பில் 'கோட்டாவில் வந்தவன்' என்ற சொல் வசவாகப் புழங்கும். தெரிந்த வகுப்பில் அது தேர்வுக்குரிய பாடம். அதனால் இதை அரசமைப்புச் சட்டத் தாளில் எப்போதோ வரட்டும் என்று விடாமல், முதல் வாரத்திலேயே இரண்டு மணி நேரம் ஒதுக்கி நடத்துவது நல்லது. வசவுகள் முதல் மாதத்தில்தான் வேர் பிடிக்கும்.

மற்றக் கல்லூரிகளைவிட இங்கே ஏன் அதிகம் தேவை

அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதிமன்றத்தின் மொழியும் நடைமுறையும் பழகாத மலைக்கிராம மக்கள் கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியத்தின் மேல் நின்ற வழக்கு அது.

அப்படிப்பட்ட சாட்சியை நாளை விசாரிக்கப் போகிற வக்கீல், அரசு வழக்கறிஞர், சாட்சியத்தைப் பதிவு செய்து தீர்ப்பு எழுதப்போகிற நீதிபதி எல்லோரும் இன்றைய வகுப்பறையில்தான் இருக்கிறார்கள். மலையில் தேதி எப்படிச் சொல்வார்கள், தூரத்தை எப்படிச் சொல்வார்கள், அதிகாரி முன்னால் ஏன் பேச்சு தடைப்படுகிறது என்பது தெரியாதவர், சாட்சியைப் பொய்யர் என்று எழுதிவிட முடியும். பக்கத்து பெஞ்சில் ஐந்து வருடம் சேர்ந்து படித்தவருக்கு அந்தத் தவறு எளிதில் வராது. சட்டக் கல்லூரியில் பன்முகத்தன்மை தொழில் தகுதியோடு சேர்ந்தது என்று நாம் சொல்வது இதனால்தான்.

இதற்கு நேர் எதிரான பாடமும் நம் மாநிலத்தில் இருக்கிறது. 2008 நவம்பர் 12 அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் சாதியாகப் பிரிந்து ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. உடனடிக் காரணமாகப் பேசப்பட்டவற்றில் ஒன்று, ஒரு விழாச் சுவரொட்டியில் கல்லூரிப் பெயரில் 'அம்பேத்கர்' விடுபட்டது. ஒரு சுவரொட்டியில் விடப்பட்ட ஒரு பெயர். வளாகத்தில் யார் எந்த விழா நடத்துகிறார்கள், எதில் கல்லூரிப் பெயர் வருகிறது என்பதை முன்கூட்டிப் பார்த்து அனுமதிக்கும் ஓர் ஆசிரியர், மாணவர் குழு இருந்தாலே பல தீப்பொறிகள் அங்கேயே அணைந்துவிடும்.

முதல் மாதம்: காகிதமும் பெயரும்

பலருக்குச் சிக்கல் காகிதத்தில் தொடங்குகிறது. பழங்குடியினர் சான்றிதழை வழங்குவது தாசில்தார் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணைக்கு நாளாகும். சேர்க்கைக்கு ஒரு வாரம் முன்பு விண்ணப்பித்தவர் கையில் சான்று இருக்காது. கல்லூரி செய்யக்கூடியது, விண்ணப்பித்த ரசீதை வைத்துத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ள விதியில் வழியிருக்கிறதா என்று முன்பே பார்த்து வைப்பதும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே அரூர், பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய் இதைச் சொல்லிவிட்டு வருவதும்.

கட்டணக் கெடு இன்னொன்று. உத்தரப் பிரதேசத்தில் தினக்கூலித் தொழிலாளியின் மகன் ஒருவர் 17,500 ரூபாயைக் கெடு முடிவதற்குள் கட்ட முடியாமல் தன்பாத் ஐ.ஐ.டி. இடத்தை இழந்தார். 2024 செப்டம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம், முழு நீதி கிடைக்கத் தேவையான ஆணை போட அதிகாரம் தரும் 142-வது உறுப்பைப் பயன்படுத்தி அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. எல்லோரும் டெல்லிக்குப் போக முடியாது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு சிறு சுழல் நிதி வைத்தால், கெடு நாளில் கட்டிவிட்டு உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறலாம்.

அடுத்து, பெயர். வருகைப் பதிவேட்டில் பெயரோடு ஊர், தெரு, ஒதுக்கீட்டுப் பிரிவு எதுவும் இருக்கக் கூடாது. உதவித்தொகைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் பெயரும் பிரிவும் போட்டு ஒட்டுவது மிகப் பரவலான தவறு. ஒட்டிய பத்தே நிமிடத்தில் அது யாரோ எடுத்த போட்டோவாக வாட்ஸாப் குரூப்புக்குப் போய்விடும். பதிவு எண் மட்டும் போட்டால் போதும். 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் அறிவித்ததும், நலத்துறை விடுதிகள் எல்லாம் அதே ஆண்டு ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று ஒரே பெயர் பெற்றதும் இந்த இடத்தில் நினைக்க வேண்டியவை. முகவரியும் விடுதிப் பெயரும் சாதியைக் காட்டிக்கொடுக்கும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெயர்ப் பலகை மாறியதோடு கல்லூரியின் பொறுப்பு முடியவில்லை. எந்த விடுதியில் யார் தங்குகிறார்கள் என்பதை வைத்துக் குழுப் பிரிப்பது, புராஜெக்ட் ஜோடி சேர்ப்பது நடந்தால் பழையது புதுப் பெயரில் தொடரும். குழுக்களைப் பதிவு எண்ணைக் குலுக்கிப் போட்டு, செமஸ்டருக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

மொழி

எங்கள் பார்வையில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் மாணவர்களைப் பிரிக்கும் பெரிய சுவர் இதுதான். ஆனால் இதை 'இங்கிலீஷ் தெரிந்தவர், தெரியாதவர்' என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

சட்ட மாணவர் கையாள வேண்டியவை மூன்று மொழிகள். புத்தகத்தின் ஆங்கிலம். மொழிபெயர்ப்பின் தமிழ்: உறுத்துக் கட்டளை, மெய்ப்பிக்கும் பொறுப்பு, ஆட்கொணர்வு நீதிப்பேராணை. பிறகு கோர்ட் வராந்தாவின் தமிழ்: ஸ்டே, வாய்தா, ஜாமீன், இன்ஜங்ஷன், நகல் மனு. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு மூன்றாவது சாப்பாட்டு நேரத்திலேயே வந்துவிடுகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இரண்டாவதுகூடப் புதிது, ஏனென்றால் பள்ளித் தமிழ் வேறு. ஓசூர், தளிப் பக்கத்துத் தெலுங்கு, கன்னட வீட்டுப் பிள்ளை பேச்சுத் தமிழில் சரளமாக இருந்தாலும் எழுத்துத் தமிழில் திணறலாம். ஆகவே 'எல்லாவற்றையும் தமிழில் நடத்திவிட்டால் போதும்' என்பதும் இங்கே சிலரை வெளியே நிறுத்திவிடும்.

செய்யக்கூடியது: வாரத்துக்கு 20 சொல். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல், மொழிபெயர்ப்புத் தமிழ், கோர்ட்டில் சொல்வது, ஒரு வரி விளக்கம் என நான்கு கட்டம். 15 வாரத்தில் 300 சொற்கள் சேரும். முதல் செமஸ்டர் தாள்களைப் படிக்க அது நல்ல அடித்தளம். இந்தப் பட்டியலை ஆசிரியர் தயாரித்துக் கொடுத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் நான்கு மாணவர்கள் சேர்ந்து தயாரித்து, வகுப்பில் ஐந்து நிமிடம் சொல்ல வைக்க வேண்டும். கோர்ட் வழக்கு தெரிந்த வக்கீல் வீட்டுப் பிள்ளையும் தமிழ் நன்றாக எழுதும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒருவரை ஒருவர் தேடிப் போக வேண்டிய நிலை அங்கே தானாக வரும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு அதன் இணையதளத்தில் கிடைக்கின்றன. ஒரே தீர்ப்பை இரு மொழியிலும் பக்கம் பக்கமாக வைத்துப் படிப்பது தனிப் பயிற்சி வகுப்பைவிட வேகமாக ஆங்கிலத்தைத் திறக்கும். தேர்வைத் தமிழில் எழுதுவது பற்றிப் பல்கலைக்கழக விதி என்ன சொல்கிறது என்பதை முதல் வாரமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இதைச் சீனியர்களின் வாய்வழித் தகவலாக விட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், தப்பான முடிவு எடுத்த மாணவர் அரியர் வைப்பார்.

மாதிரி நீதிமன்றத்தையும் (மூட் கோர்ட்) இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். வழக்கமான போட்டி உயர் நீதிமன்ற மேல்முறையீட்டு வாதத்தின் நகல். 348-வது உறுப்பின்படி அங்கே மொழி ஆங்கிலம். ஆனால் இங்கே படிக்கிறவர்களில் கணிசமானோர் முதலில் நிற்கப்போவது தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் கீழமை நீதிமன்றங்களில். அங்கே சாட்சி பேசுவது தமிழில். அதனால் வருடத்துக்கு ஒரு முறை தமிழில் மாதிரி விசாரணை நடத்துங்கள்: புகார், முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, வாதுரை. மூட் கோர்ட்டில் ஒதுங்கி நிற்கும் மாணவர்கள் குறுக்கு விசாரணையில் எழுந்து நிற்பார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. இதற்கும் அதே மதிப்பெண், அதே சான்றிதழ், அதே பரிசுக் கோப்பை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'இங்கிலீஷ் வராதவர்களுக்கானது' என்ற முத்திரை விழுந்து, திட்டம் அந்த வருடமே செத்துப்போகும்.

வகுப்பில் யார் பேசுகிறார்கள்

60 பேர் வகுப்பில் இரண்டு வாரம் ஒரு எளிய கணக்கு எடுங்கள். இருக்கை வரைபடம் ஒன்றில், யாராவது பேசும்போதெல்லாம் அவர் இடத்தில் ஒரு கோடு. பத்து வகுப்பு முடிந்து பார்த்தால் கோடுகள் நாலைந்து இடத்தில் குவிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அமைதியாக இருப்பவர்களுக்குப் பாடம் தெரியாது என்று பொருளில்லை. கேள்வி கேட்டதும் கையைத் தூக்குபவரை அழைத்தால், வீட்டில் பெரியவர் முன் பேசிப் பழகியவரே எப்போதும் முந்துவார். கேள்வியைச் சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் எழுத விடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேச விடுங்கள், பிறகு கேளுங்கள். பதில் சொல்லும் ஆட்களின் எண்ணிக்கையே மாறிவிடும்.

இதே இடத்தில் ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு எச்சரிக்கைகள். வாச்சாத்தி வழக்கையோ, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையோ நடத்தும்போது, அந்தச் சமூகத்து மாணவரைப் பார்த்து 'நீ சொல்லும்மா, உங்க ஊர்ல எப்படி?' என்று கேட்கக் கூடாது. அவர் மாணவி, காட்சிப்பொருள் அல்ல. அவருக்குப் பேச வேண்டுமென்றால் அவரே பேசுவார். இரண்டாவது, அந்தச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள் பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது பற்றியவை. வழக்கின் உண்மைகளைச் சொல்லும்போது அந்த வசவைக் குரல் ஏற்றி வாசிக்கத் தேவையில்லை. 'சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்' என்றாலே பாடம் விளங்கும். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி குற்றம். பக்கத்து ஊர் வழக்கை நடத்தும்போது ஆர்வத்தில் தெருப் பெயர், உறவுமுறை சொல்லிவிடுவது அங்கேதான் கொண்டுபோய் விடும்.

உடல் நுழைய வழி, கண்ணுக்குப் பாடம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடமும், வயது உச்சவரம்பில் 5 ஆண்டு தளர்வும் 32-வது பிரிவு தருகிறது.

சாய்தளத்தின் கணக்கு எளிது: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 செ.மீ. படி மூன்று இருந்தால் உயரம் 45 செ.மீ., சாய்தளம் 5.4 மீட்டர். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் முடித்துவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தனியாக ஏற்ற முடியாது, இறங்கும்போது கவிழும். வழவழப்பான டைல்ஸ் ஒட்டுவதும், அடிவாரத்தில் பைக் நிறுத்துவதும் மற்ற இரண்டு வழக்கமான கேடுகள். முதலாண்டு வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது ஒரு ரூபாய் செலவில்லாத வேலை. லிஃப்டுக்கு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நம்மூரில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பழைய தமிழ்க் குறிப்புகள் பல பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. கணினித் திரைவாசிப்பான் அவற்றை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் படிக்கும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். படம் மாதிரி, அதுவும் ஊமை. யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு 'ஸ்ரீ', 'க்ஷ', கொம்பு, சுழி வரும் இடங்களை ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை கிடைக்காது.

தேர்வில் கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்றன மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள். 3 மணித் தேர்வுக்கு 1 மணி. எழுதித்தர ஆள் வேண்டும் என்ற உரிமை 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று உள்ளவருக்கு மட்டுமல்ல என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்வுக்கு முந்தைய நாள் ஆள் தேடினால் சட்டச் சொற்களை எழுதத் தெரியாதவர்தான் கிடைப்பார். செமஸ்டர் தொடக்கத்திலேயே ஆளைப் பேசி வைத்து, ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பழக வேண்டும்.

திருநர் மாணவர்களைப் பற்றிச் சுருக்கமாக: உச்ச நீதிமன்றத்தின் 2014 நால்சா தீர்ப்பும் 2019-ன் திருநர் உரிமைச் சட்டமும் கல்வி நிறுவனத்தில் பாகுபாட்டைத் தடுக்கின்றன. ஆவணத்தில் பெயர் மாற மாவட்ட ஆட்சியரின் சான்று தேவைப்படலாம். ஆனால் வகுப்பில் அவர் விரும்பும் பெயரால் அழைக்க எந்தச் சான்றும் வேண்டாம். நம் மாநிலத்தில் 2018-ல் திருநங்கை சத்யஸ்ரீ ஷர்மிளா வக்கீலாகப் பதிவு செய்துகொண்டது எல்லா வகுப்பிலும் ஒரு முறையாவது சொல்லப்பட வேண்டிய செய்தி.

புகார் எங்கே போகும்

மாணவர்கள் குழம்புவதும், நிர்வாகம் சறுக்குவதும் அதிகம் இங்கேதான். நான்கு வழிகள் உண்டு, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழு. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். யூ.ஜி.சி.யின் 2015 விதிமுறைப்படி மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். ஆண், திருநர் மாணவர்களும் புகார் தரலாம். சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்துப் புகார், காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம். விசாரணை 90 நாளில். கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றே: முதல்வர் அறையில் இரு தரப்பையும் உட்கார வைத்து 'பேசி முடித்துவிடலாம்' என்பது. சமரசம் பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்டால் மட்டுமே. அதற்குப் பணம் அடிப்படையாக இருக்கவே கூடாது. அடுத்து, வெளி உறுப்பினர் இடம் காலியாகக் கிடப்பது. அப்படி அமைந்த குழுவின் முடிவு நீதிமன்றத்தில் நிற்பது கடினம், பாதிக்கப்பட்டவரே மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும்.

ராகிங்குக்குத் தமிழ்நாட்டின் 1997 சட்டமும், யூ.ஜி.சி.யின் 2009 விதிமுறைகளும். 2016-ல் ராகிங்கின் வரையறை விரிந்தது: சாதி, மதம், நிறம், பாலினம், தோற்றம், பேசும் மொழி, பிறந்த ஊர், பொருளாதார நிலை இவற்றைச் சொல்லித் துன்புறுத்துவதும் ராகிங். மலைத் தமிழைக் கிண்டல் செய்வதும், 'கன்னடக்காரன்' என்று கூப்பிடுவதும் இதற்குள் வரும் என்பது பல சீனியர்களுக்குத் தெரியாது. முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி நின்றுவிடும்.

மதிப்பெண், விடுதி, ஆய்வு வழிகாட்டல் போன்றவற்றில் பாகுபாடு என்றால் யூ.ஜி.சி.யின் 2012 சமத்துவ விதிமுறைகள் சொல்லும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும். 60 நாளில் முடிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் என்றால் காவல் நிலையம். அதைக் கல்லூரிக் குழு சமாதானம் செய்து வைக்க அதிகாரம் கிடையாது.

இந்த நான்கையும் ஒரே தாளில், யாரிடம், எத்தனை நாளில், என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அச்சிட்டு ஒவ்வொரு மாடியிலும், விடுதி சாப்பாட்டு அறையிலும் ஒட்டுங்கள். தமிழில் முதலில். பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டினால் யாரும் பார்க்காமல் படிக்க முடியும்.

பணம்

ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. சென்னையில் ஒரு மாதம் தங்குவது கூலி வீட்டுப் பிள்ளைக்கு இயலாத காரியம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள், அரசு வழக்கறிஞர் அலுவலகங்கள் ஆகியவற்றோடு கல்லூரியே பேசி இடங்களை வாங்கி, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கொடுக்கலாம். சிபாரிசு இருப்பவருக்குச் சீனியர் ஆபீஸ், இல்லாதவருக்கு எங்காவது ஒரு கையெழுத்து என்று ஆகிவிடக் கூடாது. கல்லூரி வாங்கிய இடங்களை விண்ணப்பம் பெற்று வெளிப்படையாகப் பகிர வேண்டும். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை பத்துச் செட் வெவ்வேறு அளவில் நூலகத்தில் இருந்தால் மூட் கோர்ட்டுக்குத் துணியில்லை என்று யாரும் பெயரை விலக்கிக்கொள்ளமாட்டார்கள்.

வருகைப்பதிவையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பார் கவுன்சில் விதி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் கேட்கிறது. மலையிலிருந்து வரும் பஸ் தவறினால் முதல் மணி போய்விடும். அறுவடை, கல்யாணம், அப்பாவுக்கு வேலையில் காயம் என்று நாட்கள் கழியும். கடைசி வாரத்தில் பட்டியல் போட்டுத் தேர்வை மறுப்பதால் யாருக்கும் பயனில்லை. ஆறாவது வாரத்தில் 75-க்குக் கீழ் இருப்பவர்களை ஒவ்வொருவராக அழைத்து, ஏன் என்று கேளுங்கள். பலருடைய காரணம் ஒன்றே என்று தெரிந்தால் முதல் மணிப் பாடத்தை மாற்றிப் போடலாம்.

கணக்கு வைத்துக்கொள்வது

எதுவும் மாறியதா என்று அறிய ஐந்து எண்கள் போதும்: நடுவில் நின்றவர்கள், அரியர் வைத்தவர்கள், மூட் கோர்ட் அணியில் இருந்தவர்கள், இன்டர்ன்ஷிப் முடித்தவர்கள், மாணவர் குழுக்களில் பொறுப்பு வகித்தவர்கள். ஒவ்வொன்றையும் முதல் பட்டதாரியா, தமிழ்வழியா, ஆணா பெண்ணா, எந்த ஒதுக்கீடு என்று பிரித்து செமஸ்டர் தோறும் பாருங்கள். ஐந்து பேருக்குக் குறைவான பிரிவின் எண்ணை வெளியில் சொல்லாதீர்கள். பழங்குடி மாணவர் இருவர் மட்டும் இருக்கும் வகுப்பில் 'பழங்குடியினரில் ஒருவர் அரியர்' என்று எழுதுவது பெயரையே எழுதியதற்குச் சமம்.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடும் கடைசி எண், பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் வக்கீலாகப் பதிவு செய்தார்கள் என்பது. பல மாநிலங்களில் பதிவுக் கட்டணம் பல ஆயிரங்களாக ஏறிக் கிடந்தது. 2024 ஜூலை 30-ல் கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்றது: பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு முந்தைய மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாயும், சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் கொடுக்கச் சொல்லியிருந்தது. இந்த இரண்டும் தெரியாததாலேயே பட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஓசூர்க் கம்பெனி வேலைக்குப் போகிற முதல் பட்டதாரிகள் உண்டு. இறுதி செமஸ்டரில் ஒரு நாளைக் குறித்து, பதிவு விண்ணப்பத்தைக் கல்லூரி நூலகத்திலேயே எல்லோரும் உட்கார்ந்து நிரப்பும்படி செய்யுங்கள். சான்றிதழ் நகல், போட்டோ, எந்த ஊரில் எந்த சீனியரிடம் இடம் இருக்கிறது என்ற பட்டியல் மூன்றும் அந்த மேசையில் இருக்கட்டும்.